ரோம் கைவிட்டுப் போனதும் பாப்பரசரின் கதை முடிந்ததா?

பிப்ரவரி 4

இழையைத் தொடங்கியவர் கேட்டது இது: “1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகு பாப்பரசர் பூசை வைக்கிற ஒரு பெரியவர், அவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டு முழுக்கப் பாப்பரசு தேய்ந்த கதை. யாராவது மறுக்க முடியுமா?”

மறுக்கிறேன். நூற்றாண்டின் இரண்டு முனைகளையும் பாருங்கள். 1799-இல் 6ஆம் பயஸ் பிரெஞ்சுக்காரர்களின் கைதியாக வாலன்ஸ் நகரில் இறந்தார். இனி பாப்பரசர் என்று ஒருவர் வரமாட்டார் என்றே ஐரோப்பாவில் பலர் நினைத்தார்கள். ரோமில் கூட வழியில்லாமல் கர்தினால்கள் ஆஸ்திரியாவின் பாதுகாப்பில் வெனிஸ் தீவு மடம் ஒன்றில் கூடி, மூன்று மாதத்துக்கு மேல் இழுத்து, 1800 மார்ச்சில் 7ஆம் பயஸைத் தேர்ந்தெடுத்தார்கள். சூட்ட மகுடம்கூட இல்லை. காகிதக்கூழில் ஒன்று செய்து சூட்டினார்கள்.

நூறு வருடம் கழித்து 13ஆம் லியோவுக்கு ஆள ஒரு கிராமம்கூட இல்லை. ஆனால் டப்ளினிலிருந்து கொழும்பு வரை யார் ஆயர், குருமடத்தில் எந்தத் தத்துவம் படிக்க வேண்டும் என்பதை அவர் அலுவலகம் முடிவு செய்தது. தேய்ந்தது நாடு. பதவி தேயவில்லை.

பிப்ரவரி 4, இரவு

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். “நாடு போனதால்தான் ஆன்மிக அதிகாரம் வந்தது” என்று நான் சொல்லவில்லை. அது மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்குச் சொன்ன வசதியான கதை. கடவுள் ஒரு கையால் எடுத்து மறு கையால் கொடுத்தார் என்ற தொனியில் இருக்கும். அதிகாரம் ரோம் பக்கம் நகரத் தொடங்கியது 1870-க்கு ஏறக்குறைய எழுபது வருடம் முன்னால். நகர்த்தியவர் நெப்போலியன்.

பிப்ரவரி 6

சரி, நெப்போலியன்.

பழைய ஐரோப்பாவில் கத்தோலிக்க ஆயரை நியமித்தது பெரும்பாலும் அரசர்தான். பிரான்ஸ், ஸ்பெயின், போர்த்துகல், ஆஸ்திரியா எல்லா இடத்திலும் இதே கதை. ரோம் ஒப்புதல் முத்திரை குத்தும். ரோமிலிருந்து வரும் கட்டளை அரசர் அனுமதியில்லாமல் கோயிலில் வாசிக்கப்படாது. நாம் இன்று நினைக்கிற மாதிரி “பாப்பரசர் சொன்னால் உலகமே கேட்டது” என்ற காலம் அப்போது இல்லை.

பிரெஞ்சுப் புரட்சி பிரான்சில் அந்த அரசரைக் கொன்றது. பிரான்சில் ஒரு பக்கம் அரச விசுவாசத்தில் வெளிநாட்டில் உட்கார்ந்திருந்த பழைய ஆயர்கள், மறு பக்கம் புரட்சிக்குச் சத்தியப்பிரமாணம் செய்த புதிய ஆயர்கள். நெப்போலியனுக்கு இருவருமே தலைவலி. எல்லோரையும் ஒரே அடியில் வீட்டுக்கு அனுப்ப யாருக்கு அதிகாரம் உண்டு? 1801 ஒப்பந்தத்தில் அதை 7ஆம் பயஸ் கையில் கொடுத்தார். பாப்பரசர் ஒரு நாட்டின் ஆயர்கள் அத்தனை பேரையும் பதவி விலகச் சொன்னார். பல பேர் மறுத்தார்கள், அவர்கள் இடத்தில் ஆள் போடப்பட்டது. எந்தப் பாப்பரசரும் அதற்கு முன் இப்படிச் செய்ததில்லை. புதிய ஆயர்களை முன்மொழியும் உரிமையை நெப்போலியன் தன்னிடமே வைத்துக்கொண்டார் என்பது உண்மை. ஆனால் ஒரு தேசியத் திருச்சபையைப் பாப்பரசர் நினைத்தால் கலைத்துத் திரும்பக் கட்டலாம் என்ற முன்னுதாரணம் உருவாகிவிட்டது. என் கணக்கில் 1870-ஐவிட 1801 பெரிய தேதி.

1804-இல் அதே நெப்போலியனின் முடிசூட்டுக்குப் பாரிஸ் போனார் பயஸ். ஓவியர் டேவிட் அந்த முடிசூட்டை வரைந்த பிரம்மாண்டமான ஓவியத்தில் பின்னால் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். 1809-இல் ரோமைப் பிரான்சோடு சேர்த்துக்கொண்டதும் பயஸ் சபைநீக்க ஆணை வெளியிட்டார். ஜூலையில் ஒரு ராத்திரி படைவீரர்கள் அரண்மனைக்குள் ஏறிக் குதித்து அவரைக் கைது செய்து கொண்டுபோனார்கள். முதலில் சவோனா, பிறகு ஃபோந்தென்புளோ. 1814 மே மாதம் ரோம் திரும்பியபோது அவர் ஐரோப்பா முழுக்க மதிக்கப்பட்ட ஆள். புராட்டஸ்டன்ட் இங்கிலாந்துகூட மரியாதை செய்தது. சிறைப்பட்ட பாப்பரசர் என்ற வேடத்தின் மதிப்பு அப்போதே தெரிந்துவிட்டது. 1870-க்குப் பிறகு அது மறுபடி மேடை ஏறும்.

பிப்ரவரி 7

“பாப்பரசரின் சொந்த நாட்டில் மக்கள் நிம்மதியாகத்தானே இருந்தார்கள்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை.

1815 வியன்னா மாநாட்டில் பாப்பரசரின் தூதர் கர்தினால் கொன்சால்வி சாமர்த்தியமாகப் பேசி நாட்டைத் திரும்ப வாங்கினார். நடு இத்தாலியில் கடலிலிருந்து கடல் வரை பரந்த நாடு. மேல் பதவிகள் எல்லாம் குருக்களுக்கு. பொதுமக்களில் படித்தவனுக்கு அங்கே எதிர்காலம் இல்லை. 1831-இல் வடக்கில் கிளர்ச்சி வெடித்து ஆஸ்திரியப் படை வந்து அடக்கியது. நிர்வாகத்தைச் சீர்திருத்துங்கள் என்று வல்லரசுகள் சேர்ந்து குறிப்பு எழுதிக் கொடுத்தன. அப்போதைய பாப்பரசர் 16ஆம் கிரகோரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரயில் பாதையைக்கூட உள்ளே விடவில்லை.

கஜானா காலி என்பதால் ரோத்ஸ்சைல்டு வங்கியிடம் கடன். 1832-இல் கார்ல் ரோத்ஸ்சைல்டு பாப்பரசரைச் சந்தித்தபோது, பாதத்தை முத்தமிடும் வழக்கத்தை விட்டுவிட்டு மோதிரத்தை முத்தமிட்டால் போதும் என்று சலுகை கிடைத்தது. அதே ஊரில் மற்ற யூதர்கள் திபேர் ஆற்றங்கரைச் சேரியில் அடைபட்டுக் கிடந்தார்கள்.

பிப்ரவரி 7, கொஞ்ச நேரம் கழித்து

கிரகோரியைப் பற்றிச் சொன்னது ஒருதலையாக இருக்கிறது என்று எனக்கே பட்டது. 1839-இல் கறுப்பின மக்களை அடிமையாக விற்பதைக் கண்டித்து எழுதியவரும் இவர்தான். ஆனால் 1832-இல் போலந்து ஆயர்களுக்கு, ரஷ்யச் சக்கரவர்த்திக்குக் கீழ்ப்படியுங்கள் என்று எழுதியவரும் இவர்தான். கத்தோலிக்கப் போலந்து எழுச்சி செய்து நசுக்கப்பட்ட மறு வருடம் அது. சொந்த மண்ணில் கிளர்ச்சிக்காரர்களை அடக்க அரசர்களின் படை வேண்டும் என்றால், வேறொருவன் மண்ணில் நடக்கிற கிளர்ச்சியை ஆதரிக்க முடியாது. நாடு வைத்திருந்ததன் விலை இதுதான்.

பிப்ரவரி 10

9ஆம் பயஸ் பற்றிக் கேட்காமல் யாரும் இந்த இழையைக் கடந்துபோகப் போவதில்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பத்திநாதர் என்பார்கள். எங்கள் பழைய பங்கு அலுவலகத்தில் சட்டம் போட்ட படம் ஒன்று இருந்தது, வட்ட முகம், லேசான சிரிப்பு. அந்தச் சிரிப்பு முதல் இரண்டு வருடத்துக்குச் சரியாகப் பொருந்தும்.

1846 ஜூனில் 54 வயதில் தேர்வானார். அடுத்த மாதமே அரசியல் கைதிகளுக்கு மன்னிப்பு. ரயிலுக்கு அனுமதி, தெருவில் எரிவாயு விளக்கு, 1848 மார்ச்சில் அரசியலமைப்பு. ரோம் அவரைத் தலையில் வைத்து ஆடியது. ஆஸ்திரியாவை விரட்டி இத்தாலியை ஒன்றாக்கப் போகிறவர் இவர்தான் என்று கவிதை பாடினார்கள்.

1848 ஏப்ரல் 29-இல் அவர் சொன்னது: எல்லாக் கத்தோலிக்கருக்கும் தந்தையான நான் கத்தோலிக்க ஆஸ்திரியா மேல் போர் தொடுக்க முடியாது. ஆன்மிகத் தலைவராக அது நியாயமான பேச்சு. இத்தாலிய அரசராக அது தற்கொலை. இரண்டு நாற்காலியில் ஒரே ஆள் உட்கார முடியாது என்பது அந்த ஒரு நாளில் வெட்டவெளிச்சமானது. நவம்பர் 15-இல் அவருடைய அமைச்சர் ரோஸி சட்டமன்ற வாசலில் கழுத்தில் குத்துப்பட்டு இறந்தார். 24-ஆம் தேதி இரவு சாதாரணக் குருவின் உடையில், பவேரியத் தூதரின் வண்டியில் ஏறி, நேப்பிள்ஸ் அரசரின் காயேத்தாவுக்குத் தப்பினார்.

ரோமில் குடியரசு. தலைமையில் இத்தாலிய ஒற்றுமைக்குப் போராடிய மாத்ஸினி, கரிபால்டி. சில மாதத்தில் பிரெஞ்சுப் படை அதை அடித்து நொறுக்கியது. அடித்ததும் ஒரு குடியரசுதான். பாரிசில் லூயி நெப்போலியனுக்குக் கத்தோலிக்க ஓட்டு தேவைப்பட்டது. 1850 ஏப்ரலில் பயஸ் திரும்பினார். அதன்பிறகு நிர்வாகம் கர்தினால் அந்தோனெல்லி கையில், காவல் பிரெஞ்சுத் துப்பாக்கிகள் கையில். ரயில் என்னவோ வந்தது, 1856-இல் ஃப்ராஸ்காத்தி வரை.

பிப்ரவரி 11

“மொர்த்தாரா விவகாரத்தைக் கத்தோலிக்கர் என்பதால் தவிர்க்கிறீர்கள்.” தவிர்க்கவில்லை, வரிசையாக வந்துகொண்டிருந்தேன்.

1858 ஜூன் 23, பொலோஞ்ஞா. பாப்பரசர் நாட்டு நகரம். மொர்த்தாரா என்ற யூதக் குடும்பத்தின் வீட்டுக் கதவைக் காவலர்கள் தட்டினார்கள். ஆறு வயது எட்கார்தோவை ஒப்படைக்கச் சொன்னார்கள். குழந்தையாக இருந்தபோது நோய் வந்து, செத்துவிடுவான் என்று பயந்த வேலைக்காரப் பெண் ரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறாள். ஞானஸ்நானம் பெற்றவன் கிறிஸ்தவன், கிறிஸ்தவப் பிள்ளை யூத வீட்டில் வளரக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். மறுநாள் பையனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் கூச்சல். காவலுக்குப் படை கொடுத்த பிரெஞ்சு அரசே திருப்பிக் கொடுங்கள் என்றது. இங்கிலாந்திலிருந்து யூதத் தலைவர் மொன்டிஃபியோர் ரோம் வரை வந்தும் பயஸ் நேரில் பார்க்கவில்லை. பையன் பாப்பரசரின் பராமரிப்பில் வளர்ந்து, பியோ என்ற பெயரோடு குருவானான். 1940-இல் பெல்ஜியத்தில் இறந்தார்.

இதற்கு விளக்கம் சொல்கிறவர்கள் “அன்றைய சட்டம் அப்படி” என்பார்கள். சட்டம் எழுதியவரும் நிறைவேற்றியவரும் மன்னிப்பு தரக்கூடியவரும் ஒரே ஆள் என்னும்போது அந்த விளக்கம் நிற்காது. என் உறவினர் ஒருவரோடு இது பற்றிப் பேசப்போய் ஒரு கிறிஸ்துமஸ் விருந்து கெட்டது, அது தனிக் கதை. 2000-இல் 9ஆம் பயஸுக்கு முத்திப்பேறு பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தபோது யூத அமைப்புகள் எதிர்த்தது இதனால்தான்.

பிப்ரவரி 13

அடுத்து, 9ஆம் பயஸ் தவறு என்று கண்டித்த கருத்துகளின் பட்டியல், “தவறுகளின் பட்டியல்” (1864 டிசம்பர் 8): மொத்தம் 80 வாக்கியங்கள். கடைசி வாக்கியத்தைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். முன்னேற்றம், தாராளவாதம், நவீன நாகரிகம் ஆகியவற்றோடு பாப்பரசர் இணங்கிப்போக முடியும், போக வேண்டும் என்று சொல்வது தவறு.

ஒவ்வொரு வாக்கியமும் பழைய ஆவணம் ஒன்றிலிருந்து பிய்த்து எடுத்தது, இடம்பொருள் பார்க்க வேண்டும் என்று பிரெஞ்சு ஆயர் டூப்பான்லூ உடனே ஒரு சிறுநூல் எழுதிச் சமாளித்தார். 80-ஆம் வாக்கியத்துக்கு அது ஓரளவு பொருந்தும். இத்தாலியை ஒன்றாக்க முன்னின்ற, மடங்களைப் பறிமுதல் செய்த வட இத்தாலியின் பியட்மாண்ட் அரசு அதற்கு “நாகரிகம்” என்று பெயர் வைத்ததற்கான கோபம் அது. ஆனால் மதச் சுதந்திரத்தையும், அரசும் திருச்சபையும் பிரிவதையும் தவறு என்று சொல்லும் வாக்கியங்களுக்கு எந்தப் பின்னணியைக் கொண்டுவந்தாலும் அர்த்தம் மாறாது.

பிப்ரவரி 15

“1870-க்குப் பிறகு பாப்பரசர் என்ன சொன்னாலும் தவறாது என்று சட்டம் போட்டுக்கொண்டார்கள்” என்று மேலே இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். அப்படி இல்லை. விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றி, முழுத் திருச்சபைக்கும், தன் பதவியின் முழு அதிகாரத்தோடு வரையறுத்துச் சொல்லும்போது மட்டும்தான் வழுவாவரம், அதாவது தவறாத தன்மை. 1870-க்குப் பிறகு அந்த வடிவில் வந்தது 1950-இல் மரியாளின் விண்ணேற்பு மட்டும். நாளை மழை வருமா என்பதில் அவரும் நம்மைப் போலத்தான்.

இதை முடிவு செய்த ஆயர்களின் பொதுக்கூட்டமான முதல் வத்திக்கான் சங்கத்தில், 1870 ஜூலை 13 வாக்கெடுப்பில் 451 பேர் ஆம், 88 பேர் இல்லை, 62 பேர் திருத்தத்தோடு ஆம். இல்லை என்றவர்களில் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாட்டுப் பெரிய ஆயர்கள் இருந்தார்கள். ஜூலை 18 இறுதி வாக்கெடுப்புக்கு முன் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பாப்பரசர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. 533 ஆம், 2 இல்லை. அந்த இருவர் தெற்கு இத்தாலியின் கயாஸ்ஸோ ஆயரும் அமெரிக்காவின் லிட்டில் ராக் ஆயரும். இடி மின்னலோடு மழை கொட்டியது. ஆதரவாளர்கள் சீனாய் மலை என்றார்கள், எதிர்ப்பாளர்கள் கடவுளின் கோபம் என்றார்கள்.

என்னைப் பொறுத்தவரை வழுவாவரம் சத்தம் பெரிது, உபயோகம் குறைவு. அதே ஆவணத்தின் முந்தைய பகுதியை யாரும் படிப்பதில்லை. ஒவ்வொரு மறைமாவட்டத்தின் மீதும், ஒவ்வொரு விசுவாசி மீதும் பாப்பரசருக்கு நேரடியான முழு ஆளுகை உண்டு என்கிறது அது. தினசரி நிர்வாகத்தை மாற்றியது அந்தப் பகுதி. 1801-இல் நெப்போலியனின் அவசரத்துக்காக நடந்தது 1870-இல் கோட்பாடானது.

பிப்ரவரி 15, இரவு

மறந்துவிட்டேன். ஜூலை 19-இல் பிரான்ஸ் பிரஷ்யா மீது போர் அறிவித்தது. ரோமிலிருந்த பிரெஞ்சுப் படை ஊர் திரும்பியது. மீதி தெரிந்ததே.

பிப்ரவரி 18

ரோம் போயிருந்தபோது, செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை நுழைந்த போர்த்தா பியா வாசலைத் தேடிப் போனேன். வாசலை உடைத்து நுழைந்தார்கள் என்று நினைத்திருந்தவர்களுக்கு: பீரங்கி உடைத்தது வாசலுக்குப் பக்கத்து மதிலை. அந்த இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது, வாகன இரைச்சலில் யாரும் நிற்பதில்லை. சண்டை சில மணி நேரம். எதிர்த்ததைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு மேல் ரத்தம் வேண்டாம் என்பது பயஸின் எண்ணம். இருபக்கமும் சேர்த்துச் சில டஜன் உயிர்கள் போயின. இத்தாலியில் எந்த ஊருக்குப் போனாலும் செப்டம்பர் 20 பெயரில் ஒரு தெரு இருக்கும்.

பாப்பரசர்களின் குயிரினாலே அரண்மனை அரசருக்குப் போனது. சாவி தரமாட்டேன் என்றதால் பூட்டுத் திறக்க ஆள் கூப்பிட்டார்கள். 1871-இல் இத்தாலி ஒரு சட்டம் போட்டு, ஆண்டுக்கு 32,25,000 லீரா தருகிறோம், வத்திக்கானை அனுபவித்துக்கொள்ளுங்கள், அரசருக்குரிய மரியாதை உண்டு என்றது. பயஸ் தொடவில்லை. “வத்திக்கான் கைதி” ஆனார். தேசியத் தேர்தலில் ஓட்டுப் போடுவது தகாது என்று இத்தாலியக் கத்தோலிக்கருக்குச் சொல்லப்பட்டது. ஒரு தலைமுறைக் கத்தோலிக்கர் புது நாட்டின் அரசியலுக்கு வெளியே நின்றதன் விலையைப் பின்னால் எல்லோரும் கொடுத்தார்கள்.

பணம்? உலகக் கத்தோலிக்கரின் பேதுரு காணிக்கை. அயர்லாந்துக் கூலித் தொழிலாளியின் செப்புக் காசு வத்திக்கானை நடத்தியது. வீட்டுச் சுவரில் பாப்பரசர் படம் மாட்டும் பழக்கமும் இந்தக் காலத்தில்தான் பரவியது. முன்பு பாப்பரசரின் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே கத்தோலிக்கர் வாழ்ந்து செத்தார்கள். புகைப்படம், தந்தி, நீராவிக் கப்பல், மலிவு நாளிதழ் இல்லாமல் இந்த மையப்படுத்தல் நடந்திருக்காது. நவீன நாகரிகத்தைக் கண்டித்தவர் அதன் கருவிகளால் பிரபலமானார்.

பிப்ரவரி 20

“நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” என்று ஒருவர். நிறைய.

இந்தியாவில் ஆயரை நியமிக்கும் உரிமை போர்த்துகல் அரசரிடம் இருந்தது, அதுதான் பதுரவாதோ. 1830-களில் போர்த்துகல் ரோமோடு சண்டையிட்டு, உள்நாட்டில் துறவற சபைகளைக் கலைத்தது. கிரகோரி 1838-இல் மயிலாப்பூர், கொச்சி போன்ற பதுரவாதோ ஆளுகைகளை எடுத்து, ரோம் நேரடியாக அனுப்பிய தன் பதிலாளர்களிடம் கொடுத்தார். கோவா ஏற்கவில்லை. விளைவு, தமிழகக் கடற்கரையிலும் உள்ளூரிலும் ஒரே ஊரில் இரண்டு சாமியார், இரண்டு கோயில். கோவாக் குருக்கள் ஒரு பக்கம், 1837-இல் வந்திறங்கிய பிரெஞ்சு சேசு சபையார் மறு பக்கம். கோயில் சாவிக்காக நீதிமன்றம் போனார்கள். அம்மா வழி ஊரில் “எந்தக் கோயில்காரன்” என்று கேட்டுத்தான் பெண் கொடுப்பார்கள் என்று பாட்டி சொல்வாள்.

1886-இல் 13ஆம் லியோ போர்த்துகலோடு ஒப்பந்தம் செய்து, இந்தியாவுக்கு முறையான ஆயர் அமைப்பை ஏற்படுத்தினார். அப்போதும் மயிலாப்பூர் போர்த்துகலிடமே இருந்தது, அந்த உரிமை 1950-களின் வாசலில்தான் போனது. 1893-இல் உள்நாட்டுக் குருக்களை உருவாக்குங்கள் என்று எழுதி, கண்டியில் பாப்பரசர் குருமடத்தைத் தொடங்கினார். 1955-இல் அது புணேக்கு மாறியது. ரோமின் மையப்படுத்தல் இங்கே போர்த்துகல் அரசரின் பிடியைத் தளர்த்தி, மெதுவாக உள்ளூர் ஆட்களுக்கு இடம் விட்டது. ஐரோப்பாவில் கெட்டதாகத் தெரிகிற ஒன்று இங்கே வேறு மாதிரி வேலை செய்தது. இதை நான் எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்னும் முடிவில்லை.

பிப்ரவரி 23

லியோவைப் பற்றி இரண்டு சம்பவம். 1885-இல் பசிபிக் கடலின் கரோலின் தீவுகளுக்காக ஜெர்மனியும் ஸ்பெயினும் முறைத்துக்கொண்டன. சமரசம் செய்யப் பாப்பரசரைக் கூப்பிட்டவர் ஜெர்மன் அரசுத் தலைமை அமைச்சர் பிஸ்மார்க். 1870-களில் ஆயர்களைச் சிறையில் தள்ளிய அதே பிஸ்மார்க். தீவுகள் ஸ்பெயினுக்கு, வணிக உரிமை ஜெர்மனிக்கு என்று முடிந்தது. நாடு இல்லாதவரிடம் நாடுகள் பஞ்சாயத்துக்கு வந்தன.

இரண்டாவது, 1891-இல் தொழிலாளர் நிலை பற்றிய சுற்றுமடல். நியாயக் கூலி, சங்கம் அமைக்கும் உரிமை. சோஷலிசத்துக்குப் பதிலடிதான் நோக்கம் என்பது சரி. ஆனால் நாடு கையில் இருந்தபோது தொழிலாளிக்குச் சங்கம் வேண்டும் என்று எந்தப் பாப்பரசரும் எழுதவில்லை.

பிப்ரவரி 24

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு “நாடு போனதும் பாப்பரசர்கள் ஏழைகளின் பக்கம் வந்துவிட்டார்கள்” என்று ஒருவர் மகிழ்ச்சியடைந்திருக்கிறார். அவசரப்பட வேண்டாம். 1888-இல் அயர்லாந்துக் குத்தகை விவசாயிகள் நிலச்சுவான்தார்களுக்கு எதிராக நடத்திய வாடகைப் போராட்டத்தையும் புறக்கணிப்பையும் ரோம் கண்டித்தது. அப்போது ஆட்சி லியோவுடையது. லண்டனோடு நல்லுறவு வேண்டும் என்ற ஆசை அதில் இருந்தது. கிரகோரி போலந்துக்குச் செய்ததன் தம்பி இது. வித்தியாசம், இந்த முறை அயர்லாந்துக்காரர்கள் “மதம் ரோமிலிருந்து, அரசியல் எங்கள் வீட்டிலிருந்து” என்ற தொனியில் பதில் சொல்லிவிட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

பிப்ரவரி 27

“அரசர்கள் முழுசாக ஒதுங்கிவிட்டார்களா?” நல்ல கேள்வி. இல்லை. பாப்பரசர் தேர்தலில் சில கத்தோலிக்க அரசர்களுக்கு ஒரு பெயரைத் தடுக்கும் வழக்குரிமை இருந்தது. 1846-இல் ஆஸ்திரியாவின் தடையோடு மிலான் கர்தினால் வந்துசேர்வதற்குள் 9ஆம் பயஸ் தேர்வாகிவிட்டார். 1903-இல் லியோ இறந்ததும் கர்தினால் ரம்போல்லாவுக்கு வாக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, கிராக்கோவ் கர்தினால் புஸினா எழுந்து ஆஸ்திரியச் சக்கரவர்த்தி பெயரில் தடை படித்தார். கர்தினால்கள் கொதித்தார்கள், ஆனாலும் ரம்போல்லா தேர்வாகவில்லை. தேர்வான 10ஆம் பயஸ் 1904 ஜனவரியில் அந்த உரிமையை ஒழித்து, இனி எந்தக் கர்தினாலாவது அப்படிச் செய்தி கொண்டுவந்தால் சபைநீக்கம் என்று ஆணையிட்டார்.